பாத்திரக்கடை அனுபவம் எம்.பி.ஏ. விண்ணப்பத்தில் செல்லுமா?

ஜூன் 8, 2025 – வந்த கேள்வி

நெல்லை டவுனில் அப்பாவுக்குப் பாத்திரக்கடை. 2022-இல் பி.காம். முடித்ததிலிருந்து கடையில்தான் இருக்கிறேன். கொள்முதல், கல்யாண ஆர்டர், ஜி.எஸ்.டி. கணக்கு எல்லாம் என் பொறுப்பு. இந்த ஆண்டு ஐ.ஐ.எம். மேலாண்மைக் கல்லூரிகளில் சேர்வதற்கான கேட் நுழைவுத் தேர்வு எழுதப் போகிறேன். சொந்தக் கடையில் இருந்ததை எந்த ஐ.ஐ.எம்.மும் வேலை அனுபவமாக மதிக்காது, ஏதாவது ஒரு கம்பெனியில் இரண்டு ஆண்டு சம்பளத்துக்கு இருந்துவிட்டு விண்ணப்பிப்பதே புத்திசாலித்தனம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. அம்பாசமுத்திரம் பக்கம் அரிசி ஆலையிலிருந்து படிக்கப் போன அண்ணாச்சி ஒருவர் இங்கே எழுதுகிறாராம். அவர் என்ன சொல்கிறார்?

ஜூன் 8, இரவு

தவறான யோசனை, தம்பி. கடையை விட்டுவிட்டு எங்கேயோ போய் இரண்டு ஆண்டு உட்கார்ந்தால், நேர்முகத்தில் முதல் கேள்வியே "கடையை ஏன் விட்டீர்கள்?" என்பதாகத்தான் இருக்கும். கம்பெனியிலிருந்து வருகிறவர்கள் வகுப்பு நிறைய இருப்பார்கள். பித்தளை விலை ஏறினால் கல்யாணச் சீர்ப் பட்டியலில் எது முதலில் அடிபடும் என்று தெரிந்தவர் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். அதைத் தூக்கிப் போட்டுவிட்டா போக வேண்டும்?

நான் 2019-இல் ஆலைக்குள் நுழைந்தேன். 2024-இல் படிக்க வந்தேன். இடையில் வேறு எங்கும் வேலை பார்க்கவில்லை. ஆலையில் இருந்த காலம் முழுவதையும் அனுபவமாக எடுத்துக்கொண்டார்கள். பட்டம் வாங்கிய பிறகு செய்த வேலையாக இருக்க வேண்டும், முழுநேரமாக இருக்க வேண்டும், காகிதத்தில் காட்ட வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகள் விழுவது இந்த மூன்றாவதில்தான். நாளை எழுதுகிறேன்.

ஜூன் 9

காகிதம். முதல் வேலையாக, மாதச் சம்பளம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வருமாறு செய்யுங்கள். கல்லாவிலிருந்து எடுத்துக்கொள்வது சம்பளம் ஆகாது.

எங்கள் வீட்டில் இதைச் சொன்ன அன்று பெரிய ரகளை. "ஆச்சி சோறு போட்டால் அதற்கும் ரசீது கேட்பாயா?" என்றார் அப்பா. ஆடிட்டர்தான் சமாதானம் செய்தார். மகனுக்குக் கொடுக்கும் சம்பளமும் தொழில் செலவுதான், வேலைக்கு ஏற்ற தொகையாக இருந்தால் சரி. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 40ஏ(2) பிரிவு உறவினருக்கு அளவுக்கு மீறிக் கொடுப்பதைத்தான் தள்ளிவிடுகிறது என்று விளக்கினார். ஆலை மேனேஜருக்கு என்ன சம்பளமோ அதை ஒட்டி எனக்கும் வைத்தார்கள். மேனேஜருக்கு அதில் ஒரே சந்தோஷம். அடுத்த மாதமே தன் சம்பளத்தை ஏற்றித் தரச் சொன்னார்.

வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தாலும் கணக்குத் தாக்கல் செய்துவிடுங்கள். கடையின் ஜி.எஸ்.டி. பதிவுச் சான்று, சிறுதொழில்களுக்கு அரசு தரும் உத்யம் பதிவு, ஆடிட்டர் கையெழுத்திட்ட வரவு செலவுக் கணக்கு, கடையின் கடிதத்தாளில் உங்கள் பொறுப்புகளைச் சொல்லும் கடிதம் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். வங்கியில் காசோலைக்குக் கையெழுத்திடும் அதிகாரம் உங்களுக்கு உண்டென்றால் அந்தக் கடிதத்தையும் சேருங்கள். என்னிடம் அது இருந்தது. நேர்முகக் குழுவில் ஒருவர் மற்றவற்றைத் தள்ளிவிட்டு அதைத்தான் எடுத்துப் பார்த்தார்.

2022 முதல் சம்பளமே எடுக்கவில்லை, முன்தேதியிட்டு நியமனக் கடிதம் அடித்துக்கொள்ளலாமா என்று வேறொருவர் கேட்டிருக்கிறார். கூடாது. இடம் கிடைத்த பிறகும் ஆவணங்களைச் சரிபார்ப்பார்கள். நிஜமாக மூன்று ஆண்டு உழைத்தவர் ஒரு போலிக் கடிதத்தால் வெளியே போக வேண்டாம். இருப்பதைக் காட்டுங்கள். இந்த மாதம் முதல் ஒழுங்கு செய்யுங்கள்.

ஜூன் 11

பதவிப் பெயராக என்ன போடுவது என்று கேள்வி. "நிர்வாக இயக்குநர்" மட்டும் வேண்டாம். அம்பாசமுத்திரம் முதல் ஆலங்குளம் வரை முதலாளி மகன் ஒவ்வொருவரின் விசிட்டிங் கார்டிலும் அதுதான் இருக்கிறது. நான் "நெல் கொள்முதல், துணைப்பொருள் விற்பனை" என்று போட்டேன். பார்க்கச் சப்பென்றுதான் இருந்தது. ஆனால் கேள்விகள் எனக்குத் தெரிந்த இடத்திலேயே வந்து விழுந்தன.

ஜூன் 15

இன்று கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், இதுதான் முக்கியம்.

குடும்பத் தொழிலிலிருந்து வருகிற விண்ணப்பங்களில் பாதிக்கு மேல் ஒரே கதைதான். அப்பா பேரேட்டில் எழுதிக்கொண்டிருந்தார், நான் வந்து கணினியில் ஏற்றினேன், தொழில் நவீனமாயிற்று. என் முதல் வரைவும் அதுவேதான், கணினிக்குப் பதில் ஈரமானி. நெல் வண்டி வந்ததும் அப்பா கைப்பிடி நெல்லை எடுத்து, இரண்டு மணியைப் பல்லில் வைத்துக் கடிப்பார். "நொறுக்" என்று உடைந்தால் வாங்குவார், பிசுபிசுத்தால் காயப்போடச் சொல்வார். நான் ஈரமானி வாங்கி வைத்தேன். விண்ணப்பத்தில் எழுத அழகான கதை. ஆனால் உள்ளபடி சொன்னால், அப்பாவின் பல்லும் கருவியும் பெரும்பாலும் ஒரே பதிலைத்தான் சொல்லின. ஆலைக்கு அதனால் ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை. அதை எடுத்துவிட்டேன்.

பதிலுக்குத் தவிட்டைப் பற்றி எழுதினேன். ஆலைக்காரர்களுக்குத் தெரியும்: நெல்லை அரைத்தால் அரிசி மட்டும் வராது. புழுங்கல் என்றால் நூறு கிலோ நெல்லுக்கு 68 கிலோ அரிசி என்பது அரசுக்கு அரைத்துக் கொடுக்கும் ஆலைகளுக்கான கணக்கு. மீதி உமியும் தவிடும். அரிசி கணக்கிலேயே கொஞ்சம் குருணையாகவும் போகும். உமி எங்கள் கொதிகலனுக்கே சரியாகப் போய்விடும். தவிட்டைப் பல ஆண்டுகளாக ஒரே தரகருக்கு லோடு கணக்கில் கொடுத்து வந்தோம். அவர் அப்பாவின் பள்ளித் தோழர். தவிடு போவது எண்ணெய் எடுக்கும் ஆலைக்கு. அங்கே விலை எண்ணெய்ச் சத்தை வைத்து. புழுங்கல் தவிட்டில் பச்சரிசித் தவிட்டைவிட எண்ணெய் அதிகம், சீக்கிரம் கெடவும் செய்யாது. நாங்களோ இரண்டுக்கும் ஒரே விலை வாங்கிக்கொண்டிருந்தோம். மாதிரியைப் பரிசோதனைக்கு அனுப்பி, அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, எண்ணெய் ஆலையோடு நேரே பேசினேன். விலை ஏறியது. அப்பாவின் தோழர் எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வரவில்லை.

இரண்டையும் எழுதினேன், விலை ஏறியதையும் அவர் வராததையும். படிக்கிறவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: அப்பா சொல்லாமல் நீங்களாக எடுத்த முடிவு எது, அதனால் பணம் வந்ததா போனதா, யாருக்கு மனக்கசப்பு. அதற்கு விடை இருந்தால் பாத்திரக்கடையாக இருந்தாலும் சரி, பஞ்சாலையாக இருந்தாலும் சரி.

ஜூன் 16

"அப்படி ஒரு முடிவும் நான் எடுத்ததில்லையே, எல்லாம் அப்பாதான்" என்று ஒருவர். அப்படியானால் இந்த ஆண்டு விண்ணப்பிக்க வேண்டாம். கொள்முதலில் ஒரு சரக்கு, ஒரு ஊர்க் கடன் வசூல், ஏதாவது ஒன்றை உங்கள் பெயரில் வாங்கிக்கொண்டு ஓராண்டு நடத்திப் பாருங்கள். நஷ்டம் வந்தாலும் பரவாயில்லை, சொல்ல ஏதாவது இருக்கும்.

ஜூன் 29

நேர்முகத்தில் என்ன கேட்டார்கள் என்று பலரும் கேட்டிருந்தீர்கள். ஒரு கேள்வியை மட்டும் சொல்கிறேன்.

2022 ஜூலை 18 முதல், பெயர் அச்சிட்டுக் கட்டிய 25 கிலோ வரையிலான அரிசி மூட்டைக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. தமிழ்நாட்டில் பல ஆலைகள் 26 கிலோ மூட்டைக்கு மாறின. நாங்களும் மாறினோம். மாறலாம் என்று கணக்குப் போட்டுச் சொன்னவன் நான். விண்ணப்பத்தில் ஒரு வரியாக அதைச் சேர்த்திருந்தேன்.

குழுவில் வயதான பேராசிரியர் ஒருவர் அதையே பிடித்துக்கொண்டார். "இது வரி ஏய்ப்பு இல்லையா?" சட்டம் 25 என்று கோடு போட்டிருக்கிறது, கோட்டுக்கு அந்தப் பக்கம் விற்பது குற்றமில்லை என்றேன். "சரி, அந்த ஒரு கிலோவுக்கு யார் பணம் கொடுத்தார்?" வாங்கியவர்தான் என்றேன். "அவருக்கு அது தேவையா?" ஆயிரத்து இருநூறு ரூபாய் மூட்டை என்றால் வரி அறுபது ரூபாய், அந்த அறுபது ரூபாய்க்கு அவருக்கு ஒரு கிலோவுக்கு மேலேயே அரிசி கிடைக்கிறது என்று கணக்குச் சொன்னேன். விடவில்லை. "பத்து கிலோவாக வாங்குகிற குடும்பத்துக்கு?" அவர்கள் வரி கட்டித்தான் வாங்குகிறார்கள், அல்லது கடைக்காரர் மூட்டையைப் பிரித்துச் சில்லறையாக அளந்து கொடுப்பதை வாங்குகிறார்கள், அதற்கு வரி இல்லை என்றேன். அப்புறம் அவர் கேட்டதுதான் எனக்குப் பிடித்த கேள்வி: "அச்சடித்து வைத்திருந்த பழைய சாக்குகளை என்ன செய்தீர்கள்?" உள்பக்கத்தை வெளியே திருப்பித் தவிடு கட்டினோம். மூன்று பேரும் சிரித்தார்கள்.

நாட்டின் பொருளாதாரம் பற்றி நான் மனப்பாடம் செய்து போனதில் ஒரு வரிகூடக் கேட்கவில்லை.

ஜூலை 13

ஆனித் தேருக்கு ஊருக்குப் போயிருந்தேன், அதனால் தாமதம். பரிந்துரைக் கடிதம் பற்றி நிறையக் கேள்விகள் சேர்ந்துவிட்டன. கேட் வழியாகப் போகும் இரண்டாண்டுப் படிப்புக்குப் பெரும்பாலும் இது தேவைப்படாது. ஐதராபாத் ஐ.எஸ்.பி. (இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸ்) போன்ற இடங்களுக்கும் வெளிநாட்டுக்கும்தான் இந்தத் தலைவலி.

அப்பா எழுதக் கூடாது. சித்தப்பாவும் கூடாது, குடும்பப் பெயர் வேறாக இருந்தாலும் கூடாது. யோசித்தால் உங்கள் வேலையை வெளியிலிருந்து பார்த்தவர்கள் உண்டு. எனக்குப் புனலூரில் அரிசி வாங்கும் மொத்த வியாபாரி எழுதினார். ஓணத்துக்கு முன் லாரி கேரள எல்லையில் புளியரையில் நின்றுபோனபோது நள்ளிரவில் வேறு வண்டி ஏற்பாடு செய்து சரக்கை அனுப்பியதை அவர் மறக்கவில்லை. அவருக்கு ஆங்கிலத்தில் எழுத வராது. மலையாளத்தில் சொன்னார், அவர் மகள் ஆங்கிலத்தில் எழுதினார். கடைசியில் "இவர் மிகவும் பேரம் பேசுவார்" என்று ஒரு வரி சேர்த்திருந்தார். எடுக்கச் சொல்லவில்லை.

ஆடிட்டரிடமும் கேட்டேன். நல்ல மனிதர், ஆனால் மூன்று வரிக்கு மேல் எழுத மாட்டேன் என்றுவிட்டார். அந்த மூன்று வரியிலும் உண்மை இருந்தது, உயிர் இல்லை. வங்கி மேலாளரிடம் கேட்கலாம் என்று நினைப்பவர்களுக்கு: அவர் மாற்றலாகிப் போவதற்குள் கேளுங்கள்.

பாத்திரக்கடைத் தம்பிக்கு: கும்பகோணத்திலிருந்து விளக்கு அனுப்பும் பட்டறைக்காரர், கல்யாண மண்டபத்துக்கு மொத்தமாக வாங்கிய மேலாளர், இவர்களில் ஒருவர்.

ஜூலை 20

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருந்தார். அப்பாவின் அப்பளத் தொழிலில் கணக்கு, உளுந்து கொள்முதல், பெண் தொழிலாளர்களின் வாரக் கூலி எல்லாம் அவர்தான். வீட்டில் கேட்டால் "பெண் சும்மாதான் இருக்கிறாள், வரன் பார்க்கிறோம்" என்கிறார்களாம். தான் விண்ணப்பிக்கலாமா என்று கேட்கிறார்.

தாராளமாக. உளுந்து விலை மேலே கீழே போகும் தொழிலில் கொள்முதல் பார்த்தவர் நேர்முகத்தில் பேச விஷயத்துக்குப் பஞ்சமே இருக்காது. ஆனால் ஜூன் 9 அன்று நான் எழுதியது உங்களுக்கு இரண்டு மடங்கு பொருந்தும். மகன் பெயர் எப்படியாவது ஒரு காகிதத்தில் ஏறிவிடுகிறது, மகள் பெயர் கல்யாணப் பத்திரிகையில்தான் முதலில் ஏறுகிறது. வரன் வருவதற்குள் சம்பளக் கணக்கை ஆரம்பியுங்கள்.

இதை எழுதும்போது என் அக்காவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் ஆலைக்கு வருவதற்கு முன்பிருந்தே பேரேடு அவளிடம்தான் இருந்தது. எந்த வியாபாரி எந்த மாதம் பணம் தருவான், யார் தீபாவளிக்குப் பிறகு போனை எடுக்க மாட்டான் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. நான் படிக்கக் கிளம்பியதும் கொள்முதலும் அவள் கைக்குப் போயிற்று. சேரன்மகாதேவியிலிருந்து அத்தான் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டுப் போகிறார். போன பிசானப் பருவ நெல் அறுவடையில் என்னைவிட மலிவாக நெல் வாங்கியிருக்கிறாள். கூட்டாண்மைப் பத்திரத்தில் அவள் பெயரைச் சேர்த்தது இந்த ஆண்டுதான். விண்ணப்பிக்கிறாயா என்று அவளிடம் கேட்டேன். "நீ முதலில் முடித்துவிட்டு வா" என்றாள். வந்தால் கிளம்பிவிடுவாளோ என்று அப்பாவுக்கு இப்போதே கலக்கம்.

ஆகஸ்ட் 3

கேட் பதிவு தொடங்கிவிட்டது. தேர்வு நவம்பர் 30. இரண்டு மணி நேரம், மூன்று பகுதி, ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம், ஒரு பகுதியில் மிச்சமான நேரத்தை அடுத்ததில் செலவிட முடியாது. சரியான விடைக்கு 3, தெரிவு வினாவில் தவறினால் 1 போய்விடும். சென்ற ஆண்டு 68 கேள்விகள். கடைக்காரப் பிள்ளைகளுக்குக் கணக்கு பயமில்லை. ஆங்கில வாசிப்புப் பகுதிதான் காலை வாரும். கடையில் கூட்டம் இல்லாத மதிய நேரம் ஒரு கட்டுரை என்று பழகுங்கள். வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

கேட் மட்டும்தான் வழியா என்று கேட்டவர்களுக்கு. ஐ.எஸ்.பி. ஓராண்டுப் படிப்புக்குக் குறைந்தது 24 மாத அனுபவம் வேண்டும். அகமதாபாத் ஐ.ஐ.எம். ஓராண்டுப் படிப்புக்கு நான்கு ஆண்டு. அங்கெல்லாம் ஜிமேட் என்ற நுழைவுத் தேர்வின் மதிப்பெண் வாங்குகிறார்கள். "700 வாங்கினால்தான்" என்று ஒருவர் பயமுறுத்தியிருந்தார். அது பழைய அளவு. 2023 நவம்பரில் வந்த புதிய தேர்வில் மதிப்பெண் 205 முதல் 805 வரை. பழைய 700-க்கு இணையானது புதியதில் ஏறத்தாழ 645.

குடும்பத் தொழிலில் இருக்கிறவர்களுக்கென்றே மும்பை எஸ்.பி. ஜெயின், ஐ.எஸ்.பி. இரண்டிலும் தனிப் படிப்புகள் உண்டு. சில நாள் வகுப்பு, மீதி நாள் சொந்தத் தொழில், பிறகு மறுபடி வகுப்பு. வேலைவாய்ப்புக்குக் கம்பெனிகள் வருமே என்று எதிர்பார்த்து அதில் சேரக் கூடாது. தொழிலுக்குத் திரும்புகிறவர்களுக்கான படிப்பு. கடையைப் பார்க்க வேறு ஆள் இல்லை என்றால் அதுதான் நல்லது. எனக்கு அக்கா இருந்தாள், அதனால் இரண்டாண்டுப் படிப்புக்கு வந்தேன். என் திறமை என்று நினைத்துவிட வேண்டாம்.

ஆகஸ்ட் 4

நேர்முகக் குழுவுக்கு அல்வா கொண்டுபோகலாமா என்று கேட்டவருக்கு: கூடாது. விடுதிக்குக் கொண்டுவாருங்கள்.

ஆகஸ்ட் 24

2023 டிசம்பர் வெள்ளத்தைக் கட்டுரையில் எழுதலாமா என்று தூத்துக்குடியிலிருந்து ஒருவர். அந்த 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஊருக்குள் வந்ததை நாமெல்லோரும் பார்த்தோம். எங்கள் ஆலையில் கீழ்வரிசை மூட்டைகள் ஊறி, சில நாளில் முளைவிட்டன. உமி நனைந்து கொதிகலன் எரியவில்லை. எழுதுங்கள், ஆனால் "மனம் தளராமல் போராடினோம்" என்று எழுதினால் அந்த ஆண்டு நம் இரண்டு மாவட்டத்திலிருந்தும் அதே கட்டுரைதான் போயிருக்கும்.

நான் எழுதியது காப்பீடு. சரக்குக் காப்பீட்டை நாங்கள் புதுப்பிப்பது ஆவணியில். அப்போது நெல் வைக்கும் கிட்டங்கி கிட்டத்தட்ட காலி. அந்தக் கையிருப்பைத்தான் மதிப்பாகப் போட்டிருந்தார்கள். கார் பருவ நெல் அறுவடை முடிந்து நெல் நிறைந்த பிறகு வெள்ளம் வந்தது. கணக்குக்காகச் சொன்னால், ஒரு கோடி ரூபாய்ச் சரக்கை ஐம்பது லட்சத்துக்கு மட்டும் காப்பீடு செய்திருந்தால், இருபது லட்சம் சேதத்துக்குப் பத்து லட்சம்தான் வரும். மீதியை நாமே காப்பீடு செய்துகொண்டதாகக் கணக்கு. எத்தனையோ ஆண்டு பிரீமியம் கட்டிய அப்பாவுக்கே அந்த விதி அன்றுதான் தெரிந்தது. இப்போது அறுவடைக்கு முன் மதிப்பை உயர்த்திவிடுகிறோம்.

நேர்முகத்தில் இதைச் சொன்னபோது நிதிப் பேராசிரியர் தாளும் பேனாவும் கொடுத்து விளக்கச் சொன்னார். அன்று நான் தடுமாறாமல் பேசிய ஒரே இடம் அது.

செப்டம்பர் 7

திரும்பி வருவாயா, கம்பெனி வேலைக்குப் போய்விடுவாயா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். நேர்முகத்திலும் கேட்டார்கள். திரும்புவேன் என்றுதான் சொன்னேன். முதலாண்டு முடிந்து கோடையில் ஒரு கம்பெனியில் இருந்தேன், சம்பளம் மாதப் பிறப்பில் தவறாமல் வருவது எவ்வளவு நிம்மதி என்று அப்போது தெரிந்தது. இங்கே வருவதற்கு முன் இந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுவேன். இப்போது அக்காவையும் கேட்க வேண்டும், நாற்காலி அவளுடையது. டிசம்பருக்குள் முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

ஜூன் 8 அன்று "தவறான யோசனை" என்று அடித்துச் சொன்னதில் ஒன்றைத் தளர்த்திக்கொள்கிறேன். அப்பாவோடு ஒத்துப்போகாமல் கடையை விட்டே ஓட நினைக்கிறவர் இருந்தால், அவர் முதலில் கம்பெனி வேலைக்குப் போவதில் தப்பில்லை. அதற்கு எம்.பி.ஏ.வைச் சாக்காக வைக்க வேண்டாம்.

செப்டம்பர் 10

பாத்திரக்கடைத் தம்பி அனுப்பிய கட்டுரை வரைவைப் படித்தேன். கடைசிப் பத்தியில் "தந்தையின் கனவை நனவாக்க" என்று இருப்பதை முழுவதும் அடித்துவிடுங்கள். பழைய பித்தளையை எடைக்கு எடுத்துக்கொண்டு புதுப் பாத்திரம் கொடுக்கும் விஷயம் பிரமாதம். கடைவாசலில் அன்றன்றைய பழைய பித்தளை விலையைப் பலகையில் எழுதி வைத்தீர்கள், பேரம் குறைந்தது, பக்கத்துக் கடைக்குப் போகிறவர்களும் உங்களிடம் வந்தார்கள். அந்தப் பலகை உங்கள் யோசனைதானே? பிறகு ஏன் "எங்கள் நிறுவனம் அறிமுகப்படுத்தியது" என்று எழுதியிருக்கிறீர்கள்? முதல் மாதம் விலையைக் கூடப் போட்டுக் கையைக் கடித்ததையும் போனில் சொன்னீர்கள், வரைவில் காணோம். அதையும் எழுதுங்கள், எவ்வளவு ரூபாய் என்று சேர்த்து.

சனிக்கிழமைக்குள் அனுப்பினால் பார்க்கிறேன். அடுத்த வாரம் எனக்குத் தேர்வு. கேட் பதிவைக் கடைசி நாள் வரை இழுக்காமல் முதலில் அதை முடித்துவிடுங்கள்.